ஜன்னலின் கீழ் மூலையைப் பாருங்கள்

வீட்டு வேலை: கேள்வி – பதில்

மழை ஓய்ந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் உள்ள உலர்ந்த மாதங்கள்தான் ஜன்னலைக் கழற்றச் சரியான காலம். சுவரில் ஒரு நாள் ஓட்டை இருந்தாலும் வீடு நனையாது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கினால் மழையும் பிடித்துக்கொள்ளும், வேலைக்கு ஆளும் கிடைக்காது. அதனால் இந்த மாதம் முழுப் பக்கத்தையும் ஜன்னல் கடிதங்களுக்கே கொடுத்துவிட்டேன்.

இந்தப் பகுதியை முதல்முறை படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டவன். இரும்பு ஜன்னலில் கண்ணாடியை ஒட்டும் பசையான புட்டி வைக்கும் பையனாகத் தொடங்கி 41 வருடம் ஜன்னல் பொருத்தினேன். நான் சொல்வது கையால் தெரிந்துகொண்டது.

*

கேள்வி: ஐயா, நாங்கள் சாட்ஸ்வொர்த்தில் குரோஃப்ட்டீனில் இருக்கிறோம். மாமனார் காலத்து வீடு. இரும்பு ஜன்னல்கள் ஒன்பதிலும் துரு ஏறிவிட்டது. மகள், கரிச்சாம்பல் நிறத்தில் அலுமினியம் போடலாம் என்கிறாள். வீட்டுக்காரர், பெயிண்ட் அடித்தால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்கிறார். கொழுந்தனார், யு.பி.வி.சி. என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் போட்டுவிட்டால் பெயிண்ட் செலவே இல்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வீட்டின் படம் வரைந்து இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவருமே ஒன்பது ஜன்னலையும் ஒரே ஜன்னல் மாதிரி நினைத்துப் பேசுகிறார்கள். நீங்கள் அனுப்பிய படம்தான் எனக்கு உதவியது. தெருப்பக்கம் மேற்கு, அங்கே மூன்று ஜன்னல். சமையலறையும் குளியலறையும் தெற்கு. படுக்கையறைகள் இரண்டும் வடக்கு. கிழக்கே வராந்தாவுக்குள் இரண்டு. நான்கு சுவரும் நான்கு விதமான அடி வாங்குகின்றன.

முதலில் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் போங்கள். நடுவில் பார்க்க வேண்டாம். கீழ் மூலைகள் இரண்டையும் அழுத்திக் குத்திப் பாருங்கள். ஜன்னல் சாகிற இடம் அதுதான். கண்ணாடியில் விழுந்த தண்ணீர் முழுதும் கீழே இறங்கி அங்கே நிற்கிறது. புட்டி காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் அதன் பின்னால் நுழைந்து வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உப்பி, கண்ணாடியைத் தள்ளும். கல்லே படாமல் மூலையில் கண்ணாடி கீறியிருந்தால் யாரையும் திட்ட வேண்டாம், துருவின் வேலை அது. குத்தும்போது இரும்பு ஏடு ஏடாகக் கழன்று முனை உள்ளே போனால் அந்தச் சட்டத்துக்கு இனி பெயிண்ட் உதவாது. மேலே மட்டும் சிவந்து, அடியில் முனை டக்கென்று நின்றால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. அதைக் காப்பாற்றலாம்.

வராந்தாவில் உள்ள இரண்டும் காப்பாற்றக்கூடியவையாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மழை அங்கே எட்டாது. நம் ஊரில் மழையைச் சுவரில் அடிப்பது தென்மேற்குக் காற்று. அதனால் தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஐந்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வடக்கில் உள்ள இரண்டும் குத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

பழைய பெயிண்டை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்து இரும்புப் பிரைமரில் ஈயம் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு நம் நாட்டில் சட்டப்படி வரம்பு வந்ததே 2009இல்தான். தண்ணீர் விட்டுத் தேய்த்து, தரையில் பிளாஸ்டிக் விரித்து, தூசியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் அன்றைக்கு ஆயா (பாட்டி) வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். ஜன்னலுக்கு அடியில் உள்பக்கம் ஓடும் சாம்பல் நிறப் பலகையைத் தட்டிப் பாருங்கள். 1960களில் கட்டிய வீடுகளில் அது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். 2008இல் தடை செய்த அதே பொருள். முழுசாகக் கிடக்கும்வரை அதனால் பெரிய ஆபத்தில்லை. ஜன்னலைக் கழற்றுகிறேன் என்று சுத்தியலாலோ கிரைண்டராலோ உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் வீடு முழுதும் பறக்கும். அந்தப் பலகையைத் தொடாமல் சட்டத்தை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கப் பதிவு பெற்றவர்களை அழையுங்கள். நாங்கள் அந்தக் காலத்தில் வெறும் கையோடு உடைத்தோம். என்னோடு வேலை செய்தவர்களில் பின்னாளில் மூச்சுக்குத் திணறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எதைப் போடுவது? நான் அலுமினியம் என்பேன். சாட்ஸ்வொர்த் மேட்டில் உப்புக் காற்று வரும், ஆனால் கடற்கரை அளவுக்கு இல்லை. நல்ல பவுடர் கோட்டிங், அதாவது பொடியாகப் பூசிச் சூட்டில் இறுக்கிய பெயிண்ட், தாங்கும். யு.பி.வி.சி. கெட்ட பொருள் இல்லை. அது துருப்பிடிக்காது, கரையான் தொடாது. ஆனால் வெயிலில் அதிகம் நீளும். ஒன்றரை மீட்டர் சட்டம் 40 டிகிரி சூடு ஏறி இறங்கினால் அலுமினியம் ஒன்றரை மில்லிமீட்டர் கூட நகராது, யு.பி.வி.சி. நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு நகரும். வெள்ளையாக இருந்தால் அவ்வளவு சூடு ஏறாது. உங்கள் மகள் கேட்கிற கரிச்சாம்பல் நிறத்தில், மேற்குச் சுவரில், யு.பி.வி.சி. வேண்டவே வேண்டாம். அந்த நிறமும் அந்தப் பொருளும் அந்தத் திசையும் ஒன்றாகச் சேரக் கூடாது. கொழுந்தனாரிடம் வெள்ளை என்றால் யோசிக்கலாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் திசை. இந்தியாவிலிருந்து வரும் வீட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டுத் தெற்கு ஜன்னலுக்கு வெயில் மறைப்புப் போடுகிறவர்கள் இங்கே உண்டு. நாம் இருப்பது பூமியின் தென்பாதி. நம் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. டிசம்பரில் நண்பகல் சூரியன் டர்பனுக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல், 83 டிகிரியில் நிற்கும். ஜூனில் 37 டிகிரிக்கு இறங்கிவிடும். அதனால் வடக்குச் சுவரில் கூரை 60 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். கோடை நண்பகல் வெயில் கண்ணாடியைத் தொடாது, குளிர்கால வெயில் படுக்கை வரைக்கும் வரும். வடக்கு ஜன்னலுக்குச் சாதாரணத் தெளிந்த கண்ணாடியே போடுங்கள், அந்த இலவச வெயிலை மறைக்காதீர்கள்.

மேற்கு அப்படி இல்லை. நாலு மணி வெயில் கூரைக்கு அடியில் நேராக நுழையும். கண்ணாடிக்குச் செலவழிக்கக் காசு கொஞ்சம்தான் இருந்தால் அந்த மூன்றுக்கு மட்டும் செலவழியுங்கள். 6.38 மில்லிமீட்டர் லேமினேட் கண்ணாடி கேளுங்கள். இரண்டு 3 மில்லிமீட்டர் கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். லேசான சாம்பல் சாயம் உள்ளதாக எடுத்தால் வெயிலின் சூடு குறையும். அந்தப் படலம் சோபா துணியை வெளுக்க வைக்கும் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். கல்லால் அடித்தாலும் சில்லு கொட்டாது. தெருப்பக்கத்துக்கு இதைவிட நல்ல காவல் இல்லை.

நிறம் பற்றி உங்கள் மகளோடு சண்டை வேண்டாம். கிரீம் சுவருக்கும் பழுப்புச் சிவப்பு ஓட்டுக்கும் கரிச்சாம்பல் நன்றாகவே பொருந்தும். ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். கறுப்பை ஒட்டிய நிறம்தான் உப்பையும் தூசியையும் அதிகமாகக் காட்டும். பத்து வருடம் கழித்துப் பெயிண்ட் வெளுத்துப் பொடியும்போது முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான். வெள்ளை அந்த வெளுப்பை மறைக்கும், ஆனால் குளியலறையில் ரப்பர் ஓரத்தில் பூஞ்சை கறுப்பாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே வெண்கலப் பழுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பழைய காலத்து நிறம் என்று இப்போது ஒதுக்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கும், ஓட்டோடு சேரும், அழுக்கையும் சொல்லாது. கடையில் சின்ன அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சாண் நீளத்துக்கு உண்மையான சட்டத் துண்டை வாங்கி வந்து வெளிச்சுவரில் ஒட்டி, காலையிலும் நாலு மணிக்கும் தெருவில் நின்று பாருங்கள். தேர்ந்தெடுத்த நிறத்தின் குறியீட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். வராந்தாவில் காப்பாற்றிய இரும்பு ஜன்னல்களுக்கும் அதே நிறத்தில் பெயிண்ட் கலந்து அடித்தால் தெருவில் போகிறவருக்கு எது பழையது எது புதியது என்று தெரியாது.

ஆர்டர் கொடுக்கும் முன் அளவு எடுப்பவர் ஒவ்வொரு திறப்பையும் அகலத்தில் மூன்று இடம், உயரத்தில் மூன்று இடம் அளக்கிறாரா என்று கூடவே நின்று பாருங்கள். அந்தச் சுவர்கள் எதுவும் நேராக இல்லை. சிறிய அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பொருத்திய பிறகு கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அழகாக இருக்கட்டும் என்று அந்தத் துளைகளைச் சிலிகான் வைத்து அடைத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதை அடைத்தால் புது ஜன்னலும் பழையபடி கீழ் மூலையில்தான் கெடும். பூச்சு வேலை முடியும்வரை சட்டத்தின் மேல் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க விடாதீர்கள், ஈர சிமென்ட் அலுமினியத்தை அரிக்கும். முடிந்ததும் உடனே உரித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் அந்தத் தாள் பிறகு வரவே வராது.

திருட்டுக்காகப் போடும் கம்பி பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னல் கம்பியாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி கீல் வைத்திருக்கட்டும். சாவி பிள்ளைகளுக்கும் தெரிந்த இடத்தில் தொங்கட்டும். தீ பிடித்த வீட்டில் கம்பிக்கு உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

*

கேள்வி: இசிபிங்கோ கடற்கரையில் வீடு. நாலு வருடத்துக்கு முன் போட்ட அலுமினிய ஜன்னலில் பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாக உப்பிக்கொண்டு வருகிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்றுதானே விற்றார்கள்?

பதில்: தம்பி, அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து துருப்பிடிக்காது. ஆனால் உப்பு அதையும் தின்னும். நீங்கள் சொல்லும் புழுக்கோடு அறுத்த முனையிலோ ஸ்க்ரூ துளையிலோதான் தொடங்கியிருக்கும். பவுடர் பூசுவதற்கு முன் உலோகத்தைச் சரியாகக் கழுவிப் பதப்படுத்தாவிட்டால் உப்பு அந்த முனை வழியாக நுழைந்து பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து போகும். ஸ்க்ரூ எது என்றும் பாருங்கள். காந்தம் நன்றாகப் பிடித்துப் பழுப்பு நீர் வடிந்தால் சாதாரண இரும்பு. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. டர்பன் கடலோரத்து ப்ளஃப்பில் ஒரு வீட்டுக்கு நானே துத்தநாகம் பூசிய இரும்பு ஸ்க்ரூவில் பன்னிரண்டு ஜன்னல் பொருத்தினேன். எவர்சில்வர் ஸ்க்ரூ அன்றைக்குக் கையில் இல்லை. வேலையை நிறுத்த மனம் வரவில்லை. மூன்றாம் வருடம் அந்த வீட்டம்மா கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளைச் சட்டத்தில் ஒவ்வொரு ஸ்க்ரூவிலிருந்தும் பழுப்புக் கண்ணீர். பன்னிரண்டையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எவர்சில்வர் இல்லாமல் கடற்கரைப் பக்கம் பை தூக்கியதில்லை.

உங்கள் உத்தரவாதத் தாளை எடுத்துக் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று படியுங்கள். கழுவ வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மிதமான சோப்புத் தண்ணீரால் துடைத்து நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மழையே கழுவிவிடும் என்று நினைக்கிறார்கள். மழை படுகிற ஜன்னல் தப்பித்துக்கொள்ளும். கூரைக்கு அடியில் மழை படாமல் நிற்கிற ஜன்னலில்தான் வடகிழக்குக் காற்றின் உப்பு கழுவப்படாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை முதலில் கழுவுங்கள். மறுபடி மாற்றும் நாள் வந்தால் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பவுடரைவிட 25 மைக்ரான் அனோடைசிங் செய்ததைக் கேளுங்கள். வெள்ளி நிறமோ வெண்கல நிறமோதான் கிடைக்கும், தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. ஆனால் அது மேலே பூசிய பூச்சு இல்லை, உலோகத்திலேயே வளர்ந்த தோல். உரிய இடமில்லை.

*

கேள்வி: பீனிக்ஸிலிருந்து. பளபளப்பா, மங்கலா? எந்தப் பூச்சு நல்லது?

பதில்: நடுத்தரம். சொரசொரப்பான பூச்சு உப்பையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும், முழுப் பளபளப்பு ஒவ்வொரு கீறலையும் காட்டும்.

*

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறோம் ஐயா. புதிதாக அலுமினிய ஜன்னல் போட்டோம். ஜூலையில் காலை எழுந்தால் கண்ணாடியிலும் சட்டத்திலும் தண்ணீர் ஓடுகிறது. ஒழுகுகிறதா?

பதில்: ஒழுகவில்லை. அது உங்கள் வீட்டுக்குள் இருந்த ஈரம்தான். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்கால இரவில் வெளியே உறைகிற அளவுக்குப் போகும். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். வெளிக்குளிர் அப்படியே சட்டத்தின் உள்பக்கம் வந்துவிடுகிறது, மூச்சுக்காற்றின் ஈரமும் கேஸ் ஹீட்டரின் ஈரமும் அதில் படிகின்றன. டர்பன்காரருக்கு மேலே நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ஊரில் உப்பு இல்லை, குளிர் இருக்கிறது. நான் அங்கே வீடு கட்டியிருந்தால் மரமோ யு.பி.வி.சி.யோ போட்டு இரட்டைக் கண்ணாடி வைத்திருப்பேன். ஏற்கெனவே போட்டதைப் பிடுங்க வேண்டாம். காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், துணியை உள்ளே காயப்போடாதீர்கள், வடியும் துளைகளைச் சுத்தமாக வையுங்கள். தரையிலிருந்து அரை மீட்டருக்குக் கீழே இறங்குகிற கண்ணாடி ஏதாவது இருந்தால் அது பாதுகாப்புக் கண்ணாடிதானா என்று மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். முத்திரை இல்லை என்றால் மாற்றச் சொல்லுங்கள்.

*

கேள்வி: தாத்தா, வெருலத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய மரமும் தகரமுமான வீடு இன்னும் இருக்கிறது. சாமி அறையில் பச்சை மர ஜன்னல் ஒன்று. கீழ்க்கட்டை உளுத்துவிட்டது. ஆயா போன வருடம் இறந்தார். அவர் விளக்கேற்றுவது அந்த ஜன்னல் ஓரத்தில்தான். அண்ணன்கள் எல்லாவற்றையும் வெள்ளை யு.பி.வி.சி.யாக மாற்றிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: தம்பி, அதை எடுக்காதே. மனசுக்காக மட்டும் சொல்லவில்லை. 60 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை மாற்றுவதற்கு மாகாண மரபுரிமைத் துறையின் அனுமதி வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது, நம் மாகாணத்தில் அதைப் பார்ப்பது அமாஃபா. உன் அண்ணன்கள் ஆளைக் கூப்பிடும் முன் அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்கட்டும். சாட்ஸ்வொர்த்தின் முதல் வீடுகளே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன, குரோஃப்ட்டீன் அம்மாவும் இதைக் கவனிக்க வேண்டும்.

உளுத்தது கீழ்க்கட்டை மட்டும்தானே? பழைய மரத்தில் அதுதான் முதலில் போகும், மேலே உள்ளது இன்னும் நம்மைவிட உறுதியாக இருக்கும். நல்ல தச்சர் ஒருவர் உளுத்த பகுதியைச் சாய்வாக அறுத்து எடுத்துவிட்டு, அதே வகை மரத்தில் ஒரு துண்டு இழைத்து ஒட்டிச் சேர்ப்பார். புதுக் கட்டையின் அடியில் ஒரு சின்ன வரிப்பள்ளம் இழைக்கச் சொல். தண்ணீர் சுவர்ப்பக்கம் ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். அந்த ஒரு கோடு முப்பது வருடம் கொடுக்கும்.

மரத்தால் இங்கே தாங்க முடியாது என்று யாராவது சொன்னால் கேட்டோ மேனரில் உள்ள அம்பலவாணர் ஆலயத்துக்கு அழைத்துப் போ. உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை வெள்ளம் கொண்டு போனபோது மீட்ட கதவுகளைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் அந்தக் கதவின் கீழ் ஓரத்தைக் குனிந்து பார்ப்பேன், தொழிலால் வந்த பழக்கம்.

வார்னிஷ் அடிக்காதே. நம் வெயிலில் அது தோலாக உரியும், உரிந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். எண்ணெய்ப் பெயிண்ட் மெல்லியதாக இரண்டு பூச்சு போதும், கட்டையின் முனைகளுக்கு மூன்று.

நிறத்துக்குக் கடைக்குப் போகும் முன் ஒன்று செய். கீலுக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில், ஒரு சதுர அங்குலத்தைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு மெல்லத் தேய். ஈயம் இருக்கும், துடைத்த துணியைக் கட்டிப் போட்டுவிடு. ஒவ்வொரு பெயிண்டும் படிப்படியாக, மரத்தின் வளையம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். இப்போது வெளியே இருப்பது கடைசியாக யாரோ வாங்கி வந்த பச்சை. கீழே போகப் போக வேறு பச்சை இருக்கலாம், நீலமும் இருக்கலாம். அந்த ஜன்னல் கதவை அப்படியே கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய், ஆயா விளக்கேற்றிய காலத்து நிறத்தைக் காட்டிக் கலக்கச் சொல். எந்தப் பச்சை என்று எனக்கும் எழுது.